பில்லில் ஏறிய சர்வீஸ் சார்ஜும், கையில் கொடுத்த இருநூறு ரூபாயும்

திண்டுக்கல் மாவட்டத்தில் தையல் கடை வைத்திருக்கும் 52 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதன் சுருக்கம் இது.

மகனுக்குச் சென்னையில் வேலை. முதல் சம்பளம் வந்ததும் குடும்பத்தையே ஊரிலிருந்து வரவழைத்து, பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார். ஆறு பேர். 78 வயது மாமியாருக்குக் கை நடுங்கும். பரிமாறிய பையன் வடமாநிலத்தவன், தமிழ் அரைகுறை. பாட்டி கையில் ஸ்பூன் ஆடுவதைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே உள்ளே போய்ச் சின்ன ஸ்பூன் ஒன்றைத் தேடி எடுத்து வந்தானாம். சாதத்தை இன்னும் குழைவாக வாங்கி வந்து, கிண்ணத்தைப் பாட்டி பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றானாம். மனம் நெகிழ்ந்துபோய், பில் வருவதற்கு முன்பே அவன் கையில் 200 ரூபாய் வைத்திருக்கிறார் இந்தப் பெண்மணி.

அப்புறம் பில் வந்தது. சாப்பாடு 8,400 ரூபாய். அதன் கீழே "சர்வீஸ் சார்ஜ் 10%" என்று 840 ரூபாய். அதற்கும் கீழே ஜிஎஸ்டி. மொத்தம் 9,702 ரூபாய். "இது என்ன 840?" என்று இவர் கேட்க, மேனேஜர் வந்திருக்கிறார். வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறோம், பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்றாராம். கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, முடிகிற வரைக்கும் வாங்கலாம் என்றாராம். கடைசியாக அந்தப் பையனைக் கைகாட்டி, "இதெல்லாம் இவங்களுக்குப் போறதுதான்மா. எடுக்கணும்னா எடுத்துடறேன், இவன் கணக்குலதான் கழியும்" என்றாராம். பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா, விடும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்று சொல்லி, மகன் போனிலேயே பணத்தைக் கட்டிவிட்டார்.

இரண்டு வாரம் ஆகியும் மகன் சரியாகப் பேசவில்லை. "840 ரூபாய்க்கு என் மானத்தை வாங்கிட்டீங்க" என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், அங்கெல்லாம் இது சாதாரணம், தேவையில்லாத வம்பு என்கிறார். கடைக்கு வரும் ஒருவர், கேஸ் போட்டால் ஒரு லட்சம் வாங்கலாம் என்கிறார். மேனேஜரோடு பேசியதை நாத்தனார் மகள் வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள், போடட்டுமா என்று கேட்கிறாள். "நான் புகார் கொடுத்தால் அந்தப் பையன் வேலை போய்விடுமா? இருநூறு ரூபாய் கொடுத்ததே தப்பா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருநூறு ரூபாய் கொடுத்தது தப்பில்லை. அன்று அந்த மேசையில் கைமாறிய பணத்தில், யாரும் கேட்காமல் நீங்களாக மனம் வந்து கொடுத்தது அது ஒன்றுதான். 840 ரூபாயைப் பற்றிக் கேட்டதும் தப்பில்லை. இரண்டும் ஒரே பில்லைச் சுற்றி நடந்ததால் ஒன்றோடொன்று குழம்பிவிட்டது. அந்தக் குழப்பத்தைத்தான் மேனேஜர் பயன்படுத்திக்கொண்டார்.

பில்லை வரிவரியாகப் பார்ப்போம்

ஜிஎஸ்டி அரசாங்க வரி. சாதாரண உணவகங்களில் 5%. மத்திய அரசுக்கு 2.5, மாநில அரசுக்கு 2.5 என்று இரண்டு வரியாக அச்சாகும். இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். (பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள். காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் பதிவு செய்த சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.)

சர்வீஸ் சார்ஜ் வரியே இல்லை. அரசாங்கத்துக்கு அதில் ஒரு பைசா போகாது. "கவர்ன்மென்ட் சார்ஜ்தானே என்று முதலில் நினைத்தேன்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போலவே ஏராளமான பேர் நினைக்கிறார்கள். 2017 ஜூலைக்கு முன்னால் "சர்வீஸ் டாக்ஸ்" என்று உண்மையாகவே ஒரு வரி இருந்தது. அது ஜிஎஸ்டியில் கரைந்து போனது. பெயர் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால், உணவகம் தன் கல்லாவுக்கு வாங்கும் பணத்தையும் மக்கள் வரி என்று எண்ணிக் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பில்லில் 8,400-உம் 840-உம் சேர்த்து 9,240 ரூபாய்க்கு ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். அதாவது 462 ரூபாய். சாப்பாட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் 420 ரூபாய்தான் வரும். ஆக, உங்களிடம் கூடுதலாக வாங்கியது 840 இல்லை, 882 ரூபாய். நீங்கள் கட்ட வேண்டியிருந்தது 8,820 ரூபாய்.

மேனேஜர் சொன்னதில் எது சரி?

சட்டம் இன்று எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறேன். 2017 ஏப்ரலிலேயே மத்திய அரசின் நுகர்வோர் துறை, சர்வீஸ் சார்ஜ் கொடுப்பது வாடிக்கையாளரின் விருப்பம் என்று சொல்லிவிட்டது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவகம் தானாகப் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது. வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது. கட்டாயப்படுத்தக் கூடாது, இது உங்கள் விருப்பம் என்பதை வாடிக்கையாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தர மறுத்தால் உள்ளே விடமாட்டேன், பரிமாறமாட்டேன் என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டுத் தொகையோடு இதைக் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது.

உங்கள் பில்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தானாகச் சேர்த்தது, விருப்பம் என்று சொல்லாதது, அதன்மேல் வரி போட்டது என்று மூன்று மீறல் ஒரே தாளில் இருக்கிறது.

"கோர்ட்டில் கேஸ் நடக்கிறது" என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு காலத்தில் அதில் பாதி உண்மை இருந்தது. நெறிமுறைகளை எதிர்த்து உணவகச் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2022 ஜூலை 20 அன்று இடைக்காலத் தடையும் கிடைத்தது. அந்தத் தடையைக் காட்டியே இரண்டரை வருடத்துக்கு மேல் நாடு முழுக்க வாங்கினார்கள். 2025 மார்ச் 28 அன்று நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சர்வீஸ் சார்ஜும் டிப்ஸும் வாடிக்கையாளர் விரும்பிக் கொடுப்பவை, கட்டாயமாக வாங்க முடியாது என்று சொன்னது. வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அதன் பிறகும் வாங்கிய டெல்லி உணவகங்கள் ஐந்துக்கு, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆணையத்திடமிருந்து நோட்டீஸ் போனது. சங்கங்கள் மேல்முறையீடு செய்திருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே ஒரு தீர்ப்பு நின்றுவிடாது. மேல் அமர்வு தடை கொடுத்தால்தான் நிற்கும். கேஸ் முடிகிற வரைக்கும் வாங்கலாம் என்பது மேனேஜர் தன் வசதிக்குச் சொன்னது.

டெல்லித் தீர்ப்பு சென்னைக்குப் பொருந்துமா என்று உங்கள் மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நெறிமுறைகளை வெளியிட்டது மத்திய ஆணையம். அது நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் கீழ் வருவது. திண்டுக்கல்லானாலும் அசாமின் திப்ருகரானாலும் ஒன்றுதான்.

வாசல் போர்டு விஷயம். "வாசித்துவிட்டு உள்ளே வந்ததால் ஒப்பந்தம் ஆகிவிட்டது" என்பது உணவகங்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிற வாதம். நீதிமன்றத்திலும் சொன்னார்கள், எடுபடவில்லை. கட்டாயமாக வாங்கக் கூடாத பணத்தைப் போர்டு எழுதி வைத்துக் கட்டாயமாக்க முடியாது. உணவக முதலாளிக்குச் செலவு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. வாடகை, எரிவாயு, ஆள் சம்பளம் எல்லாம் ஏறித்தான் போயிருக்கிறது. அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. மெனு கார்டில் விலையை ஏற்றிவிடலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. 300 ரூபாய் பிரியாணியை 330 என்று போட்டால், உட்காரும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். வேண்டுமென்றால் சாப்பிடலாம், இல்லாவிட்டால் எழுந்து போகலாம். சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்த பிறகு பில்லில் ஒரு தொகையைச் சேர்ப்பதுதான் பிரச்சினை.

சில பில்களில் "ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்" என்று போட்டிருப்பதையும் பார்ப்பீர்கள். வழக்கு நடந்தபோது, 2023 செப்டம்பரில், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த வேண்டும், 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சம் அது. எந்தப் பெயரில் வந்தாலும் எடுத்துவிடச் சொல்லலாம்.

அண்ணன் சொல்வதும் அவர் இருக்கும் ஊருக்குச் சரிதான். சிங்கப்பூரில் பல ரெஸ்டாரண்டுகளில் விலைக்குப் பக்கத்திலேயே இரண்டு கூட்டல் குறி இருக்கும். ஒன்று 10% சர்வீஸ் சார்ஜ், இன்னொன்று 9% ஜிஎஸ்டி. அங்கே மேசையில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. ஹாக்கர் சென்டர் என்ற, பல சிறு கடைகள் சேர்ந்த சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டால் அந்த 10 சதவீதமும் கிடையாது. அங்கே சட்டம் வேறு, பழக்கம் வேறு. பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்து, டிப்ஸோ சர்வீஸ் சார்ஜோ முழுவதையும் ஊழியர்களுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் மேனேஜர் "இவங்களுக்குப் போறதுதான்" என்றாரே, அப்படிச் சொல்வதற்கு அங்கே சட்டத்தின் துணை உண்டு. இங்கே அவர் வாய்ச்சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அந்தப் பையனின் கணக்கில் கழியுமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மனம் கனத்த இடம் இதுதான். 882 ரூபாயை விட இதைத்தான் பெரிய தவறாக நினைக்கிறேன்.

வாடிக்கையாளர் சர்வீஸ் சார்ஜ் கொடுக்கவில்லை என்பதற்காக ஊழியரின் சம்பளத்தில் கைவைக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. சம்பளத்தில் எதை எதைப் பிடிக்கலாம் என்று சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வேலைக்கு வராத நாள், முன்பணம், பி.எஃப்., இப்படி. அந்தப் பட்டியலில் இல்லாததைப் பிடித்தால் அது சட்டவிரோதம். குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுப்பதும் முதலாளியின் கடமை. டிப்ஸ் வாங்குகிறார்களே என்று காட்டி அதைக் குறைக்க முடியாது. மேனேஜர் உங்களிடம் சொன்னது மிரட்டலும்கூட. உங்களை நேராக மிரட்டாமல், பக்கத்தில் நின்ற பையனை வைத்து மிரட்டினார். உங்கள் இரக்கத்தை உங்களுக்கு எதிராகவே திருப்பிவிட்டார். நீங்கள் வாயடைத்துப் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த இடத்தில் நானும் ஒரு நிமிடம் தடுமாறியிருப்பேன்.

சில வருடங்களுக்கு முன்பு சம்பளப் பாக்கி வழக்குக்காக ஒரு சப்ளையர் என்னிடம் வந்தார். இருபது வருடத் தொழில். நின்றே பழகியதில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. பேச்சுவாக்கில், சர்வீஸ் சார்ஜில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். "வரும் சார், வராது சார். கணக்கு எங்ககிட்ட காட்ட மாட்டாங்க. ஆனா பில்லுல அது ஏறின நாள்லேர்ந்து டேபிள்ல டிப்ஸ் விழறது நின்னுபோச்சு. அதான் பில்லுலயே போட்டுட்டீங்களேன்னு எழுந்து போயிடறாங்க" என்றார். சில பெரிய ஹோட்டல்களில் பாயிண்ட் கணக்கு வைத்து, சமையல்கட்டு முதல் டேபிள் துடைப்பவர் வரை முறையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பில்லைப் பார்த்து அது எந்த ரகக் கடை என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

சட்டத்தின் கண்ணிலும் டிப்ஸ் தனி ரகம். 2016-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் வருமான வரி வழக்கு வந்தது. வாடிக்கையாளர் கார்டு மூலம் கொடுக்கும் டிப்ஸ் முதலாளி தரும் சம்பளம் ஆகுமா என்பது கேள்வி. ஆகாது, அது வாடிக்கையாளர் ஊழியருக்குக் கொடுப்பது, முதலாளி கையில் வந்தாலும் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் பணம்தான் என்றது நீதிமன்றம். உங்கள் இருநூறு ரூபாய் உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் நடந்த காரியம். ஜிஎஸ்டி கிடையாது, முதலாளிக்கும் அதில் பங்கு கிடையாது.

டிப்ஸ் கொடுக்காவிட்டாலும் தப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எத்தனை சதவீதம் என்ற கணக்கும் நம் ஊரில் இல்லை. மெஸ்ஸில் இலைக்குப் பக்கத்தில் பத்து ரூபாய் வைப்பவரும் உண்டு, கும்பிட்டுவிட்டுப் போகிறவரும் உண்டு. கொடுப்பதாக இருந்தால் நீங்கள் செய்தது மாதிரியே கையில் கொடுங்கள். பில் அட்டைக்குள் வைத்தால் அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது.

இனி என்ன செய்யலாம்

அவசரப்பட வேண்டாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. படிப்படியாகப் போவோம்.

முதலில் அந்த உணவகத்துக்கே எழுதுங்கள். சண்டைக் கடிதம் வேண்டாம். "இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில், எங்கள் சம்மதம் கேட்காமல் சர்வீஸ் சார்ஜ் 840 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 42 ரூபாயும் வாங்கியிருக்கிறீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 நெறிமுறைகளுக்கு இது மாறானது. 15 நாளுக்குள் 882 ரூபாயைத் திருப்பித் தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் போதும். மகன் பெயரில் போவது நல்லது, பணம் அவர் கணக்கிலிருந்துதான் போயிருக்கிறது. மின்னஞ்சலும் அனுப்பலாம், பதிவுத் தபாலும் அனுப்பலாம். பல இடங்களில் விஷயம் இதோடு முடிந்துவிடும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைப் பதிவு செய்து உணவகத்துக்கு அனுப்புவார்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், உதவி எண்ணுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பேசித் தீர்த்துவைக்கத்தான் முயல்வார்கள். மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுக்கலாம், மத்திய ஆணையத்துக்கும் எழுதலாம். உங்கள் ஒரு பில்லுக்காக மட்டுமின்றி, அந்தக் கடை எல்லோரிடமும் இப்படித்தான் வாங்குகிறது என்பதற்காக ஆணையம் நடவடிக்கை எடுக்க முடியும்.

அதற்கும் பிறகுதான் வழக்கை விசாரிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்பெல்லாம் கடை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும். 2019 சட்டம் வந்த பிறகு நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். உங்கள் பெயரில் போட்டால் திண்டுக்கல்லிலேயே முடியும். பணம் கட்டியது மகன் என்றாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்ற நீங்களும் நுகர்வோர்தான். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொலி மூலம் விசாரணை வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஒரு லட்சம் கிடைக்கும் என்று உங்களிடம் சொன்னவர் பேச்சை நம்பிக் காலெடுத்து வைக்காதீர்கள். 882 ரூபாய் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் மாவட்ட ஆணையம் ஏதாவது தொகை சொல்லலாம். எவ்வளவு என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. தேதி தேதியாகத் தள்ளிப்போகும் என்பதையும், தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் போக வேண்டிய நாட்களையும் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடிதமும் 1915-உம் வரை கட்டாயம் போவேன். வழக்கை அதற்கு அப்புறம் யோசிப்பேன்.

தண்ணீர் பாட்டில் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 20 ரூபாய் என்று அச்சடித்த பாட்டிலுக்கு 60 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கோபம் நியாயமானது, ஆனால் சட்டம் இதில் உங்கள் பக்கம் இல்லை. உட்கார வைத்துப் பரிமாறும் ஹோட்டல்களும் உணவகங்களும் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகாரில் இதைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பதில் சொல்ல எளிதான ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடுவார்கள்.

வீடியோவைப் போட வேண்டாம். அதில் அந்தப் பையனின் முகம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடைப் பெயர் பரவினால் முதலாளிக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் முதலில் விழப்போவது வேற்றூரிலிருந்து வந்து அங்கேயே தங்கி வேலை பார்க்கிறவன் மேல்தான். அழிக்கவும் வேண்டாம், பத்திரமாக வைத்திருங்கள். மேனேஜர் என்ன சொன்னார் என்பதற்கு அது சாட்சி. எழுதும் புகாரிலும் அந்தப் பையன் பெயரைச் சொல்லாதீர்கள். "பரிமாறியவர் மிக நன்றாகக் கவனித்துக்கொண்டார், அவர்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எழுத்தில் அப்படி இருந்தால், உங்கள் புகாரைக் காரணம் காட்டி அவனை அனுப்புவது அவர்களுக்குச் சிரமம். முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்த அளவு காப்பாற்றுகிற வழி இது.

மகனிடம் பேசும்போது

அவர் கோபம் 840 ரூபாயைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் சம்பளம். அப்பா அம்மாவை, அப்பத்தாவை ஏசி அறையில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை எத்தனை நாள் நினைத்திருப்பார். அந்த நேரத்தில் பில்லில் பேச்சு எழுந்ததும், தன் விருந்தையே குறை சொன்ன மாதிரி அவருக்கு இருந்திருக்கும். நீங்களோ துணி அளவில் கால் இஞ்ச் பிசகினாலும் கண்ணில் படுகிற ஆள். பில்லில் பிசகு தெரிந்ததும் கேட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சட்டம் பேசி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அன்று சாப்பாடு எப்படி இருந்தது, அப்பத்தா ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் சொன்னார் என்பதை முதலில் சொல்லுங்கள். மாமியார் அந்தச் சின்ன ஸ்பூன் கதையைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மகனிடம் சொன்னீர்களா? சொல்லிவிட்டு, அப்புறம் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுங்கள். அவர் கையெழுத்து இல்லாமல் புகார் எதுவும் போக வேண்டாம், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அது அவர் கொடுத்த விருந்து.

அடுத்த முறை எங்கே போனாலும், சாப்பாடு சொல்வதற்கு முன்பே, "இங்கே சர்வீஸ் சார்ஜ் போடுவீங்களா? நாங்க அது குடுக்கிறதில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பசியோடு உட்காரும்போது சொல்வது, எல்லோரும் எழுந்து நிற்கும்போது சொல்வதைவிட எளிது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மகனுக்கும் சங்கடம் இருக்காது.

கடைசியாக ஒன்று, இதை இன்றே செய்யுங்கள். பில்லை ஜாக்கெட் பிட்டுகளோடு டிராயரில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருந்தாலே கறுத்துப்போகும், சும்மா வைத்தாலும் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வெளிச்சத்தில் வைத்து, பில் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ எடுத்து மகனுக்கும் ஒன்று அனுப்பிவிடுங்கள். ஒரு ஜெராக்ஸும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். உணவகம் என்ன பதில் சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.